ஒயில் கசியும் டிஸ்க் பிரேக்குக்கு ஷிமானோ எம்.டி.200: எப்போது மாற்றலாம், எப்போது வேண்டாம்

ஷிமானோவின் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்குகளில் எம்.டி.200 விலை குறைந்த வரிசையைச் சேர்ந்தது. லீவரில் பளபளப்பு இல்லை, கையில் எடுத்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் கொழும்பில் ஒரு மவுண்டன் பைக்கின் கலிப்பரோ (சில்லருகே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) லீவரோ ஒயில் கசியத் தொடங்கி, அதற்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். மீதி இரண்டு பேருக்கு எதையும் வாங்க வேண்டாம், இருக்கிறதையே சரிபண்ணலாம் என்று சொல்வேன். அந்த இரண்டு பேரில் நீங்களும் ஒருவரா என்று பார்த்துவிட்டுப் பிரேக்குக்கு வரலாம்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கொழும்பில் நிறையப் பேர் சைக்கிள் வாங்கினார்கள். அதில் ஹைட்ரோலிக் பிரேக்கோடு வந்தவை பல இப்போது மொட்டை மாடியிலும் வாகனத் தரிப்பிடத்திலும் நிற்கின்றன. ஓடாமல் நிற்கிற சைக்கிளில், கலிப்பருக்குள் பேட்டை (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) தள்ளும் பிஸ்டன் அசைவதில்லை. தூசியும் ஈரமும் பிஸ்டனின் வெளி ஓரத்தில் படிந்து இறுகிவிடும். ஒருநாள் எடுத்து ஓடும்போது அந்த அழுக்கோடு பிஸ்டன், ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான சீலுக்குள் இழுபட்டு, சீலின் விளிம்பைக் கீறும். நன்றாக இருந்த பிரேக் திடீரென்று கசிகிறது என்று வருகிற சைக்கிள்களில் இது அடிக்கடி காணும் காரணம்.

முதல் அறிகுறி பலர் நினைப்பது போல லீவர் தளர்வதல்ல. கலிப்பர் சீல் கசியும்போது ஒயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். லீவரில் இருக்கும் சேமிப்பு அதை ஈடுகட்டிக்கொள்வதால் கைக்கு எல்லாம் சரிபோலவே இருக்கும். ஆனால் அந்தச் சொட்டு பேட்டில் ஊறிவிடும். ஆகவே லீவர் இறுக்கமாக இருக்க, பிரேக் மட்டும் பிடிக்காமல் கீச்சிட்டுக் கத்தினால், முதலில் கலிப்பரைச் சந்தேகிக்க வேண்டும். லீவரைப் பிடித்தபடியே வைத்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், எங்கோ ஒயில் வெளியே போகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் லீவருக்குள் இருக்கும் பிரதான சீல் தேய்ந்து, ஒயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் தப்புகிறது. பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தரம் அடித்தால் இறுகினால் அது காற்று. காற்றுக்கும் கசிவுக்கும் மருந்து வேறு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்த பிறகு லீவர் தளர்ந்தால் அதுவும் காற்றுத்தான். அதற்காகப் புதுப் பிரேக் வாங்க வேண்டாம்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது பொறுமை மட்டும். பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு போத்தல் வாங்குங்கள். லீவர், ஹோஸ் (ஒயில் போகும் குழாய்) இணைப்பு, கலிப்பர், அதிலுள்ள நிப்பிள் (ஒயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சிறு வால்வு) எல்லாவற்றையும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பேட்டைக் கழற்றிவிட்டு, கலிப்பருக்குள் பிஸ்டன்களுக்கு இடையில், அவை வெளியே வராமல் தடுக்கும் ப்ளீட் கட்டை ஒன்றை வையுங்கள். லீவரின் அடியிலும் ஹோஸ் மூட்டிலும் கலிப்பரிலும் வெள்ளை டிஷ்யூவைத் தனித்தனியாகச் சுற்றி, லீவரை இழுத்து ஒரு ரப்பர் பட்டியால் கைப்பிடியோடு கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் எந்தத் துண்டு நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். டிஷ்யூ சுற்ற முடியாத மூலையில் சிறிது டல்கம் பவுடர் தூவிவிட்டால், ஒயில் வந்த பாதை கோடு போட்டது போலத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கலிப்பரில் ஒயில் இருப்பதெல்லாம் கலிப்பரின் ஒயில் அல்ல. பின் கலிப்பரில் செயினுக்கு அடித்த ஸ்பிரே பறந்து விழும். முன் கலிப்பரில் ஷொக் ஃபோர்க்கின் இடது காலிலிருந்து ஒயில் வழிந்து வரும். முன் பிரேக் நனைந்திருந்தால் ஃபோர்க்கின் தூசி சீலையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே வழிகிறதென்றால் எத்தனை பிரேக் மாற்றினாலும் பேட் கெட்டுக்கொண்டே இருக்கும்.

இடம் தெரிந்துவிட்டால் முடிவு ஏறக்குறையத் தானாக வரும்.

ஹோஸ் லீவரோடு சேரும் மூட்டில் ஈரம் என்றால் மகிழுங்கள். அங்கே ரப்பர் மூடியைப் பின்னுக்குத் தள்ளினால் 8 மில்லிமீற்றர் நட் ஒன்று இருக்கும். அதை 5 முதல் 7 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஒலிவ் என்ற பித்தளை வளையமும், ஹோஸுக்குள் அடித்திருக்கும் சிறு குழாய் இன்சேர்ட்டும் புதிதாக வேண்டும். இரண்டும் ஒருமுறை அமுக்கப்பட்டால் அவ்வளவுதான். கழற்றிய ஒலிவை மறுபடி போட்டு இறுக்கினால் அன்றைக்கு நிற்கும், அடுத்த வாரம் மறுபடி கசியும். ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். பி.எச்.59 ஹோஸுக்கு பி.எச்.59 இன்சேர்ட், பி.எச்.90க்கு பி.எச்.90. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கடையில் கலந்து கொடுத்துவிடுவார்கள், அந்த மூட்டு ஒருநாளும் நிற்காது. ஹோஸை வெட்டும்போது கூரான தகட்டால் செங்குத்தாக, ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். பக்கவெட்டிக் குறட்டால் நசுக்கி வெட்டினால் முனை நீள்வட்டமாகிவிடும், ஒலிவ் சரியாக உட்காராது.

லீவரின் மேல் ஒயில் விடும் துளையை மூடும் ப்ளீட் ஸ்குருவில் கசிவு என்றால் அது பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். மிகச் சின்னச் சாமான். அந்த ஸ்குருவை பலம் போட்டு முறுக்கக்கூடாது. ஓ-ரிங் வெளியே பிதுங்கி, அதனால்தான் கசியத் தொடங்கியிருக்கும். கலிப்பர் நிப்பிளில் என்றால், நிப்பிளைக் கழற்றி உட்காரும் முனையைத் துடைத்து, 4 முதல் 6 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஃபிரேமில் உரசி ஹோஸ் தேய்ந்திருந்தால் ஹோஸை மட்டும் மாற்றலாம். இந்த நான்கிலும் புதுப் பிரேக் வாங்குவது பணத்தை வீசுவது.

லீவருக்கு உள்ளே பிரதான சீல், அல்லது கலிப்பரில் பிஸ்டன் சீல். இந்த இரண்டில்தான் கதை மாறுகிறது. மற்றப் பிரேக் நிறுவனங்களைப் பார்த்தால், ஸ்ராம் கலிப்பருக்குப் பிஸ்டனும் சீலும் சேர்ந்த கிட் தனியாக விற்கிறது. ஹோப் எல்லாச் சாமானையும் விற்கிறது. ஷிமானோ விற்பதில்லை. கலிப்பர் சீல் போனால் கலிப்பரை மாற்று, லீவர் சீல் போனால் லீவரை மாற்று என்பதுதான் அவர்கள் கொள்கை. வெளியில் அளவு பார்த்து சதுர ரிங் தேடிப் போடுவோர் உண்டு. அதை நான் ஆதரிக்கவில்லை. அந்தச் சீலின் வேலை ஒயிலைத் தடுப்பது மட்டுமல்ல. லீவரை விட்டதும் முறுகி நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அதுதான். சற்றே வேறு அளவோ வேறு ரப்பரோ ஆனால் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும், அல்லது லீவர் ஆழமாகப் போகும்.

மாற்றுவதற்கு வேறொரு காரணமும் கொழும்பில் அடிக்கடி வருகிறது: தவறான ஒயில். பஞ்சிகாவத்தையிலோ தெருமுனை மோட்டார் சைக்கிள் கராஜிலோ 'பிரேக் ஒயில்' என்று கேட்டால் கையில் தருவது டொட் 3 அல்லது டொட் 4. வாகனத்துக்கு அது சரி. ஷிமானோ, டெக்ரோ, மகுரா பிரேக் மூன்றும் ஓடுவது மினரல் ஒயிலில். மினரல் ஒயில் பிரேக்கின் சீல் நைட்ரைல் ரப்பர். டொட் பிரேக்கின் சீல் ஈ.பி.டி.எம். ரப்பர். ஒன்றின் ஒயிலை மற்றதற்கு ஊற்றினால் சீல் ஊதிப் பருத்து மென்மையாகிவிடும். லீவர் திரும்பி வராது, பிஸ்டன் உள்ளே போகாது, பிறகு கசியத் தொடங்கும். கழுவி ஊற்றினாலும் அந்தச் சீல் பழைய நிலைக்கு வராது. லீவர், கலிப்பர் இரண்டும் போய்விட்டதென்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்கெனவே யாராவது தவறாக ஊற்றிவிட்டார்களா என்று அறிய ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். லீவரின் ப்ளீட் துளையிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு எடுத்து விடுங்கள். மினரல் ஒயில் மேலே மிதந்து வட்டமாக நிற்கும். டொட் கரைந்து மறைந்துவிடும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. மறுபுறம், அவிட் எலிக்சர் போன்ற பழைய ஸ்ராம் குடும்பப் பிரேக் உங்களிடம் இருந்தால் அதற்கு டொட் 5.1 தான் வேண்டும், மினரல் அல்ல. டொட் 5 சிலிக்கன் வேறு சாதி. அதை எதற்கும் ஊற்ற வேண்டாம். டொட் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4இன் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை, ஈரம் குடித்த பின் 155 பாகை என்பது தர அளவு. கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்த டொட் போத்தலை அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். மினரல் ஒயிலுக்கு இந்தக் குணம் இல்லை என்பது இந்த ஊருக்கு அதைப் பொருத்தமாக்கும் காரணங்களில் ஒன்று.

இனி எம்.டி.200.

ஒரு பக்கத்துக்கான செட்டில் லீவர், கலிப்பர், ஹோஸ் மூன்றும் இணைத்து ஒயில் நிரப்பிய நிலையிலேயே பெரும்பாலும் கிடைக்கும். பிசின் கலவையாலான ரெசின் பேட் உடன் வரும். கசிந்தது முன் பிரேக் மட்டும் என்றால் முன்னுக்கு மட்டும் வாங்கிப் போடலாம். பின்னால் டெக்ரோ இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. கலிப்பர் போஸ்ட் மவுண்ட் வகை. அதாவது 74 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு போல்ட். உங்கள் பழைய கலிப்பரும் அதே வகையென்றால் இருக்கும் அடப்டரிலேயே உட்காரும். பழைய ஃபிரேம் சிலவற்றில் பின்னால் ஐ.எஸ். மவுண்ட் இருக்கும், அதன் துளைகள் பக்கவாட்டைப் பார்க்கும், இடைவெளி 51 மில்லிமீற்றர். அதில் பழைய அடப்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது சிரமம்.

இந்தப் பிரேக்கை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அதன் பிடி அல்ல. பிடி போதுமானது, அவ்வளவே. காரணம், இதற்குத் தேவையான பேட், ஒயில், ஒலிவ் எல்லாம் பரவலாகப் புழங்குகிறவை. பி.01.எஸ், பி.03.எஸ், பி.05.எஸ் மூன்றும் ஒரே வடிவப் பேட். எது கிடைத்தாலும் போடலாம். ஞாயிற்றுக்கிழமை பயணம் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பேட் தேடுகிறவருக்கு இதன் அருமை தெரியும். விலையுயர்ந்த பிரேக்கை வெளிநாட்டிலிருந்து வருவித்து, ஒரு பேட்டுக்கு மூன்று வாரம் காத்திருப்பதில் என்ன பயன்?

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கை. நம் நாட்டு மோட்டார் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில். பழைய லுமாலா சைக்கிளிலும் வலது லீவர் முன் சில்லுக்குத்தான். ஆனால் இணையத்தில் வரும் செட்டுகள் பல ஐரோப்பிய வழக்கப்படி இடது லீவரில் முன் ஹோஸும் வலது லீவரில் பின் ஹோஸும் பூட்டி வரும். முன் ஹோஸ் குட்டை, பின் ஹோஸ் நீளம். ஆகவே அப்படியே இடம் மாற்றிப் போட முடியாது. லீவரும் இடம் வலம் தனித்தனி. மாற்றுவதென்றால் ஹோஸை லீவரிலிருந்து கழற்றி, புது ஒலிவ் போட்டு, எயார் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒயில் நிரப்பி வருகிறது என்பதற்காகக் கொடுத்த பணத்தின் பயன் அங்கேயே போய்விடும். கடையில் கேட்கும்போது, "அண்ணன், முன் பிரேக், வலது கை, போஸ்ட் மவுண்ட்" என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிற ஒருவர் அவசரத்தில் தவறான கையை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே சைக்கிளை ஓடுகிறார்கள் என்றால் இன்னும் முக்கியம்.

பெட்டி இல்லாமல் வெறும் பொலித்தீன் பையில் வரும் செட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். சைக்கிள் தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்கு அப்படித்தான் வரும். லீவரில் பி.எல்-எம்.டி.200, கலிப்பரில் பி.ஆர்-எம்.டி.200, ஹோஸில் பி.எச்.59 என்று மூன்று இடத்திலும் எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கலிப்பருக்குள் பிளாஸ்டிக் தக்கை இருக்க வேண்டும். தக்கை இல்லாமல் யாரோ லீவரை இழுத்துப் பார்த்திருந்தால் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். பையின் உள்பக்கம் விரலைத் தடவுங்கள். ஈரப் பிசுக்கு இருந்தால் அந்தச் செட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பூட்டுவது அரை நாள் வேலைகூட இல்லை. பழைய பிரேக்கைக் கழற்று முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: டிஸ்க்கும் ஒயிலில் நனைந்திருக்கிறது. புதுப் பேட்டை அதில் வைத்தால் முதல் அழுத்திலேயே புதுப் பேட்டும் பழுது. டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் அல்ககோலால், துணியை மாற்றி மாற்றி, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, 320 அல்லது 400 இலக்க உப்புத்தாளால் இரண்டு பக்கமும் மெல்ல வட்டமாகத் தேய்த்து, மறுபடி துடையுங்கள். பெற்றோல், மண்ணெண்ணெய், டபிள்யூ.டி.40 எதுவும் கிட்டவே வரக்கூடாது. அவை ஒரு படலத்தை விட்டுவிடும். டிஸ்க்கின் தடிப்பை வேர்ணியரால் பாருங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதாக 1.8 மில்லிமீற்றர், 1.5க்கு இறங்கினால் மாற்ற வேண்டும். ஒயிலில் ஊறிய பழைய ரெசின் பேட்டை அடுப்பில் சுட்டுக் காப்பாற்றலாம் என்று காணொளிகளில் காட்டுவார்கள். மேலே எரிந்து காய்ந்தாலும் உள்ளே ஊறிய ஒயில் சூடேறும்போது மறுபடி வெளியே வரும். பேட்டின் விலைக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அசையும் அளவுக்குத் தளர்வாக விட்டு, சில்லைப் பூட்டி, லீவரை இறுக்கிப் பிடித்தபடி போல்ட்களை மாறி மாறி 6 முதல் 8 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். பிறகு லீவரை விட்டுச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். உரசினால் கலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, டிஸ்க்கின் இரு புறமும் வெளிச்சம் சமமாகத் தெரிகிறதா என்று பார்த்து ஒரு மயிரிழை நகர்த்துங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மரைன் டிரைவை ஒட்டிய மாடிகளில் நிற்கும் சைக்கிள்களில், இந்தப் போல்ட்கள் அலுமினிய அடப்டரோடு ஒட்டிப் பிடித்துவிடும். பூட்டும்போது போல்ட்டின் மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். விரலில் மிஞ்சிய கிரீஸோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

பேட் பழகும் வரை முழுப் பிடி வராது. ஞாயிறு அதிகாலை சுதந்திர சதுக்கப் பக்கம் போய், மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சில்லு சுழலாமல் இறுகி நிற்க விடாமல், இருபது தடவை வேகத்தைக் குறையுங்கள். முதல் சில அழுத்துகளில் ஒன்றும் பிடிக்காதது போலிருக்கும், பிறகு ஒவ்வொன்றாகக் கூடும். இதைச் செய்யாமல் நேரே காலி வீதிப் பஸ்களுக்கு இடையில் இறங்குவது முறையல்ல.

ஹோஸ் நீளம் மிஞ்சி, வெட்டிக் குறைத்தால் எயார் எடுக்க வேண்டிவரும். பலர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேவையானவை: லீவர் துளையில் முறுக்கும் புனல், பாமசியில் கிடைக்கும் 20 அல்லது 30 மில்லிலீற்றர் சிரிஞ்ச், மீன்தொட்டிக் காற்றுக் குழாய் ஒரு முழம், 7 மில்லிமீற்றர் ஸ்பேனர், ப்ளீட் கட்டை, ஷிமானோ மினரல் ஒயில் ஒரு சின்னப் போத்தல். பேபி ஒயில் போதும் என்று சொல்வோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். பிசுக்கு வேறு, சீலுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பொறுப்பெடுப்பார் இல்லை. டொட் எடுத்த சிரிஞ்சை மினரலுக்குப் பாவிக்கவே கூடாது.

சில்லையும் பேட்டையும் கழற்றித் தூர வையுங்கள். கட்டையை வையுங்கள். லீவரைத் தரைக்குச் சமாந்தரமாகத் திருப்பி, ப்ளீட் ஸ்குருவைக் கழற்றிப் புனலைப் பூட்டி, கொஞ்சம் ஒயில் விடுங்கள். சிரிஞ்சில் ஒயில் எடுத்து, குழாயிலும் காற்று இல்லாமல் நிரப்பி, நிப்பிளில் மாட்டி, நிப்பிளை எட்டில் ஒரு சுற்று மட்டும் திறந்து கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்று மேலே போகவே விரும்பும், அதன் வழியில் அதை அனுப்புங்கள். புனலில் குமிழி வருவது நிற்கும் வரை தள்ளி, நிப்பிளை மூடுங்கள்.

சிரிஞ்சைக் கழற்றி, குழாயின் மறுமுனையை ஒரு போத்தலில் விட்டு, நிப்பிளைத் திறந்து, புனலிலிருந்து ஒயில் தானாக இறங்க விடுங்கள். இறங்கும்போது ஸ்பேனரின் பிடியால் கலிப்பரையும் ஹோஸையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கலிப்பரின் மூலையில் ஒட்டியிருக்கும் குமிழி தட்டினால்தான் விடும். புனல் வற்ற விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒரு கண் அதில் இருக்கட்டும். பிறகு நிப்பிளை மூடி, லீவரை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளை அரை விநாடி திறந்து மூடுங்கள். இரண்டு மூன்று தரம் போதும். கடைசியாக நிப்பிளை இறுக்கிவிட்டு, லீவரை மெல்ல அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் புனலைக் கவனியுங்கள். லீவரின் முனையை 30 பாகை மேலும் 30 பாகை கீழும் சரித்து அதையே செய்யுங்கள். நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் ஊசி முனை அளவுக் குமிழிகள் இரண்டு மூன்று வரும். அவைதான் லீவரைப் பஞ்சாக்குகிறவை. புனலைக் கழற்றும்போது துளையின் விளிம்பில் ஒயில் வழிந்து நிற்க வேண்டும். அந்த வழிவோடேயே ஸ்குருவை ஓ-ரிங்குடன் போட்டு, தொட்டு நின்றதும் ஒரு சிறு முறுக்கு. எல்லாவற்றையும் அல்ககோலால் துடைத்த பிறகே பேட் உள்ளே போகலாம்.

குறைகளுக்கு வருவோம். எம்.டி.200 லீவர் நீளமானது. ஒரு விரலால் பிரேக் பிடித்துப் பழகியவர்களுக்கு அது மந்தமாகத் தோன்றும். முனையில் பிடித்தால் பலம் உண்டு, நடுவில் பிடித்தால் இல்லை. ஆகவே லீவரைக் கைப்பிடியின் உட்பக்கமாக நகர்த்தி, விரல் முனையில் விழும்படி வையுங்கள். இதன் விலை வரிசையில் வரும் டிஸ்க்குகள் பலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் விரைவில் தேய்ந்து போகும். மழைக்காலச் சேற்றில், பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்க மண் பாதைகளில் ஓடுகிறவருக்கு ரெசின் பேட் சீக்கிரம் கரையும். பேட்டின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்ற வேண்டும். அதற்குக் கீழே போனால் பிஸ்டன் அளவுக்கு மிஞ்சி வெளியே வந்து, அதன் ஓரத்தில் அழுக்கு ஏறி, மறுபடி சீல் பிரச்சினை தொடங்கும். புதுக் கலிப்பரும் பழையதைப் போலவே கசிவதற்கு இது நேர்வழி. பேட் மாற்றும்போதெல்லாம், பிஸ்டனை உள்ளே தள்ளு முன், அதன் வெளி ஓரத்தைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் அல்ககோல் தொட்டுத் துடைத்து, ஒரு சொட்டு மினரல் ஒயில் பூசித் தள்ளுங்கள். கலிப்பரின் ஆயுளைக் கூட்ட இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தட்டையான கொழும்புக்கு 160 மில்லிமீற்றர் டிஸ்க் தாராளம். சைக்கிளை வான் வண்டியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் றம்பொடைப் பக்கமாக இறங்குவதென்றால் நிலைமை வேறு. அந்த வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரெசின் பேட் சூடேறி மேலே கண்ணாடி போலாகி வழுக்கும். முன்னுக்கு 180 மில்லிமீற்றர் டிஸ்க்கும் அதற்கான அடப்டரும் போட்டால், அதே எம்.டி.200 தெளிவாகப் பலம் கூடும். உங்கள் ஃபோர்க் அந்த அளவை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இறங்குங்கள், விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். பாரமான ஆட்களும் இப்படியான இறக்கங்களை வழக்கமாக ஓடுகிறவர்களும் நான்கு பிஸ்டன் கலிப்பருக்குப் போவதே சரி, எம்.டி.200 அவர்களுக்கானதல்ல.

கடையில் கொடுத்துப் பூட்டுவதானால், புறக்கோட்டையிலோ நுகேகொடையிலோ எந்தக் கடையாக இருந்தாலும், வேலை தொடங்கு முன் சிலவற்றைப் பாருங்கள். லீவரில் முறுக்கும் புனல் அவர்களிடம் இருக்கிறதா? ஒயில் போத்தலில் மினரல் என்று எழுதியிருக்கிறதா, அல்லது பெயரில்லாத சோடாப் போத்தலா? "தம்பி, பேட்டைக் கழற்றிட்டுத்தானே ஒயில் விடுவீங்க?" என்று கேட்டால் தயங்காமல் ஓம் என்கிறாரா? பேட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு நிப்பிளைத் திறக்கப் போனால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பழைய பிரேக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலிப்பர் மட்டும் போயிருந்தால் அந்த லீவர் இன்னும் நல்ல லீவர். அதன் ப்ளீட் ஸ்குரு, ஓ-ரிங், பேட் பின், அடப்டர் போல்ட் எல்லாம் தனியாகக் கேட்டால் கிடைக்காத சாமான்கள்.